சம்பூர்ணம் பார்த்த பெருவிரல்

வேலூர் கொசப்பேட்டையில் வக்கீல் ஆதிகேசவ முதலியார் வீட்டுக்குக் காலை ஆறு மணிக்கே கட்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள். குடியாத்தத்திலிருந்து நடந்தே வருவார்கள். ஆலங்காயத்திலிருந்து வண்டி பிடித்து வருவார்கள். அவர்களில் பாதிப் பேரிடம் பீஸ் என்ற பேச்சையே எடுக்க முடியாது. முதலியார் எடுக்கவும் மாட்டார். கோர்ட்டில் மற்ற வக்கீல்கள் அவருக்கு 'சும்மா வக்கீல்' என்று பேர் வைத்திருந்தார்கள். அதை அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

அவர் மனைவி சம்பூர்ணம் சிரிக்க மாட்டாள். வந்தவர்களுக்குக் கூழும் மோரும் ஊற்றுவது அவள் அல்லவா? "சும்மா வக்கீலுக்குச் சும்மா பொண்டாட்டி" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றுவாள். ஆனால் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்பாள். ஆலங்காயத்தில் மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. பதினாலு வயதில் கல்யாணம். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியாயிற்று. முப்பத்தாறு வயதில் அவளுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ருசி, "அப்புறம் இன்னா ஆச்சு?" என்ற கேள்விதான். கேஸ் போகும் போக்கைக் கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. புருஷன் கோர்ட்டிலிருந்து வந்து அங்கவஸ்திரத்தை மடித்து வைப்பதற்குள் நாலு கேள்வி கேட்டுவிடுவாள்.

1926ஆம் வருஷம், தை மாதம் பாதி. ஒரு காலை பூவம்மாள் வந்தாள்.

ஆம்பூர் சேரிப் பெண். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை எடுத்து மயிர் வழிக்கிற வேலை. நாற்பது வயது இருக்கும். புருஷன் செத்து ஆறு வருஷம். அவன் சாவதற்கு முன் மண் குழைத்துக் கட்டிய ஒரு வீடு உண்டு. அதுதான் அவள் சொத்து. அந்த இடத்தின் மேல் ஷாப்பு மேஸ்திரி சுப்பராயனுக்குக் கண். இடம் தன்னுடையது, பூவம்மாள் மாத வாடகைக்கு இருந்தவள், இரண்டு வருஷத்துக்கு முன் அவளே இடது பெருவிரல் வைத்துக் கொடுத்த வாடகைச் சீட்டு இதோ, இப்போது காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று அவன் முன்சீப் கோர்ட்டில் பிராது போட்டுவிட்டான்.

"நான் எந்தச் சீட்டுக்கும் கை வெக்கல சாமி" என்றாள் பூவம்மாள், வாசலுக்கு வெளியிலேயே குந்திக்கொண்டு. "அது என் வூடு. மேல ஓலை மாத்தினது நானு. செவுரு பூசினது நானு. வாடகையாம், வாடகை! யாராச்சும் சொந்தப் புருஷன் கட்டின வூட்டுக்கு வாடகை தருவாங்களா?"

முதலியார் வக்காலத்துக் காகிதத்தை எடுத்தார். குமாஸ்தா சீனிவாசன் மைப்பெட்டியைத் திறந்தான். பூவம்மாள் விரலை வைத்தாள். கறுப்பாக ஒரு திட்டு. புளியங்கொட்டையை நசுக்கிவைத்த மாதிரி.

"மையை ஊத்திட்டியாய்யா?" என்றார் முதலியார்.

சீனிவாசன் அவள் விரலைத் துடைக்கச் சொல்லி மறுபடி வைக்கவைத்தான். மறுபடியும் திட்டு. மூன்றாவது காகிதமும் பாழானது.

"நான் இன்னா பண்ணட்டும் சார்? மை சரியாத்தான் இருக்குது. இதோ பாருங்க என் விரலு!" என்று தன் விரலைப் பக்கத்தில் அழுத்திக் காட்டினான். கோடு கோடாக அழகாக விழுந்தது.

கதவுக்குப் பின்னால் நின்ற சம்பூர்ணத்தால் பொறுக்க முடியவில்லை. வெளியே வந்தாள். படியிறங்கி, "கையைக் காட்டுடி" என்று பூவம்மாளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சேரிப் பெண்ணின் கையை அவள் பிடித்ததைத் தெருவில் இரண்டு பேர் பார்த்தார்கள். அப்புறம் சம்பூர்ணம் குளித்தாளா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

விரல் நுனி மழமழவென்று இருந்தது. புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் செம்பு மாதிரி. ஒரு கோடு இல்லை.

"ரேகை எங்கடி போச்சு?"

"சுண்ணாம்பு தின்னுடுச்சும்மா. தொட்டியில கை வெக்கறவங்க எல்லாருக்கும் இப்பிடித்தான்."

சம்பூர்ணம் நிமிர்ந்தாள். முகம் சிவந்துவிட்டது. "ஏங்க! அந்த மேஸ்திரி சீட்டுல இருக்கற ரேகை எப்பிடி இருக்குதுன்னு பாத்தீங்களா?"

"இன்னும் பாக்கல. இன்னைக்குத்தான் வக்காலத்தே…"

"இப்பவே போங்க! சாப்பாடு அப்புறம்!"

அன்று முதலியார் பட்டினியாகப் போனார். சாயங்காலம் ஜட்கா நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது மனிதர் படியில் தடுக்கி விழப் பார்த்தார்.

"கோடு கோடா இருக்குது சம்பூர்ணம்! அச்சுல அடிச்ச மாதிரி! பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்து அப்படியே வரைஞ்சுட்டு வந்துட்டேன்!" நோட்டுப் புத்தகத்தை விரித்து ஆட்டினார். "ரேகையே இல்லாதவ எப்பிடி இப்பிடி வைப்பா? கேஸ் முடிஞ்சுது போ!"

பதில் மனுவில் அதையே எழுதினார்: பிரதிவாதி சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்பவள்; அவள் விரலில் ரேகையே கிடையாது; ஆகவே சீட்டில் உள்ள ரேகை அவளுடையது அல்ல.

எதிர்க்கட்சி வக்கீல் நரசிங்க ராவ் மனுவை வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "பீஸ் இல்லாத வக்கீலுக்கு ரேகை இல்லாத கட்சிக்காரி! பொருத்தம்னா இதுதான் பொருத்தம்!" வக்கீல்கள் அறை முழுதும் சிரித்தது. ராவ் கெட்டிக்காரர். அங்கேயே நிற்காமல், அவள் கோர்ட்டிலேயே வந்து விரல் வைக்கட்டும், ரேகை உண்டா இல்லையா என்று பார்த்துவிடலாம் என்று ஒரு மனுவும் போட்டார். முன்சீப் சம்மதித்தார். பங்குனி மாதம் வாய்தா. ரேகை இல்லையென்றால் வீடு நிற்கும். இருந்தால் பதில் மனு பொய், வீடு போய்விடும். இவ்வளவுதான் கேஸ்.

இந்த நடுவில் மேஸ்திரி பூவம்மாளை ஷாப்புக்குள் விடவில்லை. வேலை இல்லாமல் அவள் வேலூருக்கே வந்து நின்றாள். "கொட்டாய்ல ஒரு ஓரம் குடுங்கம்மா. மாட்டைப் பாத்துக்கறேன்."

சம்பூர்ணம் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையைக் கொடுத்தாள். சமையலறை வரைக்கும் வரக் கூடாது என்பது சொல்லாமலே இருவருக்கும் தெரிந்திருந்தது. பூவம்மாள் சாணி அள்ளினாள், நெல் புடைத்தாள், விளக்குகளைத் துடைத்தாள். அவள் கையைப் பார்க்கச் சம்பூர்ணத்துக்குச் சகிக்கவில்லை. உள்ளங்கையெல்லாம் வெடிப்பு, விரலிடுக்கில் புண். தேங்காய் எண்ணெயில் மஞ்சள் போட்டுக் காய்ச்சி ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொடுத்தாள். "ராத்திரியும் காலையிலும் தேய். இல்லாட்டி கூழு கிடையாது." பூவம்மாள் தேய்த்தாள். ஒரு மாதத்தில் புண் ஆறியது. இரண்டு மாதத்தில் கை கையாக ஆனது. சம்பூர்ணத்துக்கு அதில் பெருமைகூட.

வாய்தா நாள் வந்தது. காலை எட்டு மணி. முதலியார் உள்ளே பஞ்சகச்சம் கட்டிக்கொண்டிருந்தார். கொல்லையில் பூவம்மாள் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். சம்பூர்ணம் அதை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தாள், கரி போயிற்றா என்று.

விளிம்பில் மிச்சமிருந்த கரியின் மேல் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. ஒவ்வொரு கோடும் தெரிந்தது.

"ஏங்க!"

அந்தக் கத்தல் பாலாறு வரை கேட்டிருக்கும். முதலியார் கச்சத்தைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார். குமாஸ்தா சீனிவாசன் கேஸ் கட்டுகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"ரேகை வந்துடுச்சு" என்றாள் சம்பூர்ணம்.

பூவம்மாள் தன் விரலைத் திருப்பிப் பார்த்தாள். "வரும்மா. காய்ச்சல்ல ஒரு மாசம் படுத்தாலே வந்துடும். மறுபடி தொட்டிக்குப் போனா போயிடும்."

"அடிப் பாவி! இதை ஏண்டி முன்னாலயே சொல்லல?"

"நீங்க கேக்கலியேம்மா. எங்க போச்சுன்னு கேட்டீங்க, சொன்னேன். திரும்பி வருமான்னு யாரு கேட்டாங்க?"

முதலியார் கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டார். "நாமே எண்ணெய் தேய்ச்சு வளத்துட்டோம்" என்றார். "நரசிங்க ராவ் என்னை நாறடிப்பான். போச்சு. இவ வீடும் போச்சு."

பூவம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. "வூடு போயிடுமா சாமி?" என்றாள்.

சீனிவாசன் தொண்டையைச் செருமினான். "சார், இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குது. கொஞ்சம் சுண்ணாம்பு… இல்லாட்டி செங்கல்லுல ரெண்டு தேய் தேய்ச்சா…"

"வாயை மூடுய்யா! அதுக்குப் பேரு மோசடி. அவன் செஞ்சதையே நாமும் செய்யறதா?"

சம்பூர்ணம் இவர்கள் பேசுவதைக் கேட்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலங்காயத்தில் சின்ன வயதில் பெண்களெல்லாம் கூடி விரல்களை எண்ணுவார்கள். உனக்கு எத்தனை சக்கரம், எனக்கு எத்தனை சங்கு? வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றிக்கொண்டு போனால் சக்கரம். ஒரு பக்கத்திலிருந்து வந்து வளைந்து அந்தப் பக்கமே திரும்பிப் போனால் சங்கு. யாருக்கு நல்ல புருஷன், யாருக்கு மாமியார் கொடுமை என்று அதை வைத்துத்தான் சண்டை போடுவார்கள்.

"பூவம்மா, இடது கைப் பெருவிரலைக் காட்டு." பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். "ஏங்க, நீங்க வரைஞ்சுட்டு வந்த நோட்டு எங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"கொண்டாங்கன்றேன்!"

சீனிவாசன் ஓடிப்போய் எடுத்து வந்தான். சம்பூர்ணம் பக்கத்தைப் புரட்டினாள். "இது சங்கு. இவ விரல்ல சக்கரம்! ரெண்டும் வேறங்க! வேற வேற!"

"ஜோசியத்தை முன்சீப் கிட்ட சொல்லச் சொல்றியா?"

"ஜோசியம் யாருக்கு வேணும்? கண்ணு இருக்கறவங்க பாத்தாப் போதும். ஒருத்தர் ரேகை மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது, அதனாலதான் சர்க்காரு கை வாங்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

முதலியார் எழுந்தார். நோட்டையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ரத்தம் திரும்பியது. பிறகு மறுபடி சந்தேகம். "அழிஞ்சு திரும்பி வர்றப்போ பழைய மாதிரியேதான் வருமா? வேற மாதிரி வந்துட்டா?"

பூவம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என் கைதானே சாமி வரும்? அடுத்தவ கையா வரும்?"

சம்பூர்ணம் உள்ளே ஓடி வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். "நானும் வர்றேன்."

"கோர்ட்டுக்கா? நீயா?"

"இருவத்திரெண்டு வருஷமா கதவுக்குப் பின்னாலதான் கேட்டேன். இன்னைக்கு முன்னால நின்னு கேக்கறேன். ஜட்கா பிடிங்க."

கோர்ட்டு ஹாலில் பெண்கள் இவர்கள் இரண்டு பேர்தான். சுவரோரப் பெஞ்சில் சம்பூர்ணம் உட்கார்ந்தாள். எதிரே சுப்பராயன் மேஸ்திரி சரிகைத் துண்டு போட்டுக்கொண்டு நின்றான். பூவம்மாளைப் பார்த்து, "இன்னா, வக்கீலு வூட்டுச் சோறு நல்லா ஒட்டிடுச்சு போல" என்றான்.

"ஒட்டாம இன்னா? நீ போட்டியா?" என்றாள் அவள்.

டவாலி சேவகன் அதட்டினான். தாவாவைக் கூப்பிட்டார்கள். பூவம்மாள் மேஜையருகே போனாள். கோர்ட்டு குமாஸ்தா விரலில் மை தடவி அழுத்தினார். நரசிங்க ராவ் எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், துள்ளினார்.

"கோடு! கோடு இருக்குது! கனம் கோர்ட்டாரவர்கள் பார்க்கணும்! ரேகையே கிடையாது என்று எழுதிக்கொடுத்திருக்கிறார் என் சிநேகிதர். இதோ தெளிவாக இருக்கிறது. பதில் மனு முழுக்கப் பொய்!"

ஹாலே சிரித்தது. மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டான். சம்பூர்ணம் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்தாள்.

முதலியார் எழுந்தார். முதல் இரண்டு வார்த்தை குளறியது. பிறகு தெளிந்தது. "மனு எழுதின அன்று ரேகை இல்லை. இரண்டு மாதமாக அவள் தொட்டியில் கை வைக்கவில்லை. அதனால் திரும்பி வந்திருக்கிறது. இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் என் சிநேகிதர் கேட்டு வாங்கிய ரேகை இப்போது நம் எல்லார் முன்னாலும் இருக்கிறது. அதையும் சீட்டில் உள்ள ரேகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோர்ட்டார் பார்க்க வேண்டும். அவ்வளவே என் வேண்டுகோள்."

முன்சீப் பூதக்கண்ணாடி கேட்டார். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார். சம்பூர்ணம் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"மிஸ்டர் நரசிங்க ராவ், நீங்களே வந்து பாருங்கள்."

ராவ் பார்த்தார். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. ஆனாலும் விடவில்லை. "இடது பெருவிரல் என்று சீட்டு எழுதினவன் தப்பாகக் குறித்திருக்கலாம். வேறு விரலாக இருக்கலாம்."

"அப்படியானால் பத்து விரலும் வைக்கட்டும்" என்றார் முன்சீப்.

 இடது பெருவிரலை மட்டும்தான் சம்பூர்ணம் பார்த்திருந்தாள்! மற்ற ஒன்பதையும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒன்றில் அதே சங்கு இருந்துவிட்டால்? பூவம்மாள் ஒவ்வொரு விரலாக வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சம்பூர்ணம் உதட்டுக்குள் எண்ணினாள். முன்சீப் ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையை அசைத்தார். ஏழாவதில் கொஞ்சம் நின்றார். கண்ணாடியை நெருக்கிப் பிடித்தார். சம்பூர்ணம் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பத்தும் முடிந்திருந்தது.

"ஒன்றும் பொருந்தவில்லை" என்றார் முன்சீப். "ஒரே ஒரு விரலில் இதே சாதிக் கோடு. ஆனால் வளைவு எதிர்ப்பக்கம்."

அடுத்து மேஸ்திரியைக் கூண்டில் ஏற்றினார்கள். முதலியார் மெதுவாக ஆரம்பித்தார். "மேஸ்திரி, தோல் ஷாப்பில் எத்தனை வருஷம்?"

"இருவது வருசங்க. ஆம்பூர்ல என்னைவிட வேலை தெரிஞ்சவன் யாருங்க?"

"அப்படியா? எனக்கு அந்த வேலை தெரியாது, அதனால் கேட்கிறேன். தொட்டியில் கை வைக்கிற பெண்களுக்கு ரேகை எத்தனை நாள் தாங்கும்?"

மேஸ்திரிக்குத் தொழிலைப் பற்றிக் கேட்டால் உற்சாகம். மார்பை நிமிர்த்தினான். "எங்கங்க தாங்கும்? நம்ம தொட்டி காரம் ஜாஸ்திங்க. பத்து நாளுல மழமழன்னு ஆயிடும். எங்கிட்ட வேலை செய்யற ஒருத்திக்கும் ரேகை இருக்காதுங்க!"

"சீட்டு எழுதின அன்று பூவம்மாள் எங்கே வேலை?"

"நம்ம தொட்டியிலதாங்க. காலையில முப்பது தோலு வழிச்சா. நேரா அங்கிருந்து எழுந்து வந்துதான் கை வெ…"

வாய் அப்படியே திறந்தபடி நின்றது. நரசிங்க ராவ் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். பின்னால் யாரோ "போச்சுடா!" என்றார்கள். ஹால் முழுவதும் வெடித்துச் சிரித்தது. சேவகன் கூடத் திரும்பி நின்றுகொண்டான்.

மூன்று மணிக்கு முன்சீப் தீர்ப்பு வாசித்தார், இங்கிலீஷில். பூவம்மாள் சம்பூர்ணத்தின் முழங்கையை இடித்தாள். "இன்னா சொல்றாரு?"

சம்பூர்ணத்துக்கும் இங்கிலீஷ் தெரியாது. புருஷன் முகத்தைப் பார்த்தாள். "வூடு உன்னுதுடி" என்றாள்.

பூவம்மாள் அழவில்லை, கும்பிடவில்லை. "சாயங்கால ரயிலு எத்தினி மணிக்கு?" என்றாள்.

"ஏண்டி, ஒரு நாளு இருந்துட்டுப் போயேன். கையி இப்பத்தான் தேறியிருக்குது. தொட்டி வேலை வாணாம், இங்கியே மாட்டைப் பாத்துக்க."

"மாட்டை யாரு வேணும்னாலும் பாப்பாங்கம்மா. ஓலை மாத்தி ஒரு வருசம் ஆச்சு. கோடை மழை வந்துச்சுன்னா செவுரு கரைஞ்சுடும். வூட்டைக் கெலிச்சு வெச்சுக்கினு இங்க குந்திக்கினு இருந்தா நல்லாவா இருக்குது?"

மூவரும் ஜட்காவில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து காட்பாடிக்குப் பறந்தார்கள். வண்டிக்காரன் கோர்ட்டு விஷயம் கேட்டு, குதிரையை மறந்து பின்பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். சம்பூர்ணம் மேஸ்திரி மாதிரி மார்பை நிமிர்த்தி, "ஒருத்திக்கும் ரேகை இருக்காதுங்க!" என்று நடித்துக் காட்டினாள். முதலியார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ரயில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. பூவம்மாள் கூட்டத்தில் முட்டி மோதி ஏறி ஜன்னலோரம் வந்தாள். வண்டி அசைந்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"அம்மா! எங்க சந்துல இன்னும் நாலு பேருக்கு மேஸ்திரி சீட்டு வெச்சிருக்கான்! எல்லாம் தொட்டிக்காரிங்கதான்! திங்கக்கெழமை அனுப்பறேன்!"

"யாரு யாரு?" என்று சம்பூர்ணம் வண்டியோடு கூடவே நடந்தாள்.

"மரியம்மா! ஹலீமா பீ! அப்புறம்…" மற்றதை இஞ்சின் விழுங்கிவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் புருஷனும் பெண்சாதியும் சண்டை. நாலு கேஸையும் ஒன்றாகச் சேர்த்து நடத்தலாமா, தனித்தனியாகவா என்று அவர். முதலில் அந்தச் சங்கு விரல்காரி யாரென்று கண்டுபிடிக்க வேண்டும், அவள் ஒருத்தியே எல்லாச் சீட்டுக்கும் வைத்திருப்பாள் என்று இவள். "இது வரைக்கும் தோணாமப் போச்சே!" என்று முதலியார் தொடையில் அடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஐந்தரை மணிக்கே கதவு தட்டினார்கள். நாலு பேர் இல்லை, ஏழு பேர். முதலியார் இன்னும் பல் விளக்கவில்லை. சம்பூர்ணம் கூழ்ப் பானையைக் கீழே வைத்துவிட்டு, படியிறங்கிப் போய் அவர்கள் எதிரில் உட்கார்ந்தாள்.

"பேரெல்லாம் அப்புறம் அவர் எழுதிக்குவாரு. தொட்டியில நடக்கறது எல்லாத்தையும் எனக்கு முதல்ல சொல்லுங்க. நான் கேக்காததையும் சேத்து சொல்லுங்க."